வாங்கிய கருவியை ஓடவிடுங்கள்: ஆராய்ச்சி நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் ஆராய்ச்சிக்கும் ஆய்வகங்களுக்கும் பணம் ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் பேராசிரியர் இல்லை. ஒரு பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் 33 வருடம் ஆய்வக நுட்பராக வேலை பார்த்து, 2021இல் ஓய்வு பெற்றவன். முதல் 20 வருடம் சிவில் துறையில், அப்புறம் எல்லாத் துறைக்கும் பொதுவான கருவி மையத்தில். வலிமை பார்க்கக் கான்கிரீட் க்யூப் உடைப்பதில் தொடங்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முடிந்த வேலை. கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் என்னைப் போல வேலை பார்த்த பலரும் தங்கள் கல்லூரியைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

அந்த நுண்ணோக்கியிலிருந்தே தொடங்குகிறேன்.

அது வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையிலிருந்து லாரியில் வந்தது. தரை அதிர்வு படாமலிருக்க ஒரு மாதம் முன்பே தனியாகக் கான்கிரீட் மேடை போட்டு வைத்திருந்தோம். இரண்டு ஏசி, தனி எர்த், பெரிய யுபிஎஸ். விலை ஒரு கோடிக்கு மேல். திறப்பு விழாவுக்கு வாசலில் மாவிலை கட்டினோம். முதல் இரண்டரை வருடம் அது ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். சிமென்ட், சாம்பல், துருப்பிடித்த கம்பி, முந்திரித் தோல் கரி, வேதியியல்காரர்களின் நானோ தூள், ஒருமுறை யாரோ கொண்டு வந்த இறால் ஓடு. ராத்திரி எட்டு மணிக்கும் வாசலில் ஸ்காலர்கள், அதாவது ஆராய்ச்சி மாணவர்கள், மாதிரி டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். “அண்ணா, என்னுடையதை மட்டும் இன்னிக்கே பார்த்துடலாமா?” என்று கேட்காத நாளில்லை.

அதில் எலக்ட்ரானை உமிழ்வது ஒரு டங்ஸ்டன் இழை. தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பி, நடுவில் வளைந்திருக்கும். பழைய குண்டு பல்பு மாதிரியேதான், எரிந்து எரிந்து ஒருநாள் அறுந்துவிடும். நூறு மணி நேரம் தாங்கினால் நல்ல ஆயுசு. ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய்.

கருவியை வாங்கித் தந்த திட்டம் ஒரு மார்ச் மாதத்தில் முடிந்தது. இருப்பில் இருந்த கடைசி இழை ஜூலையில் அறுந்தது. இழை வாங்கக் கோப்பு போட்டோம். திட்டம் முடிந்துவிட்டது, செலவாகும் பொருளுக்கு இனி நிதித் தலைப்பு இல்லை என்று திரும்பி வந்தது. துறைப் பணத்தில் கேட்டோம். இது பொதுக் கருவி, ஒரு துறை ஏன் செலவு செய்ய வேண்டும் என்றார்கள். பொதுக் கருவி மையத்துக்கென்று தனிக் கணக்கே கிடையாது. அந்த அறை 11 மாதம் பூட்டிக் கிடந்தது.

ஓட்டாமல் வைத்தால் கருவி புதுசாகவே இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஏசியை நிறுத்தினால் மழைக்காலத்தில் அந்த அறையின் சுவர் வியர்க்கும். வெற்றிடத்தில் இருக்க வேண்டிய குழாய்க்குள் ஈரக்காற்று போய் உட்காரும். பம்பில் எண்ணெய் கெட்டியாகும். 11 மாதம் கழித்து இழை வந்து, மாட்டிப் பார்த்தால் வெற்றிடம் பிடிக்கவில்லை. பம்பு போயிருந்தது. ஒரு எலக்ட்ரானிக் போர்டில் பச்சை பூத்திருந்தது. கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு மட்டும் கேட்ட தொகையில் வருடக்கணக்கில் இழை வாங்கியிருக்கலாம்.

யாரும் திருடவில்லை. யாரும் சோம்பேறியாகவும் இருக்கவில்லை. கோப்பைத் திருப்பி அனுப்பிய பிரிவு அலுவலர் விதியைப் படித்துத்தான் திருப்பினார். பணம் வரும் முறையே அப்படி அமைந்திருக்கிறது. கருவி வாங்கப் பணம் வருகிறது, ஓட்டப் பணம் வருவதில்லை. நான் உங்களிடம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் வெளியே இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு ஆராய்ச்சித் திட்டம் பெரும்பாலும் மூன்று வருடம். கருவி, ஆள் சம்பளம், செலவாகும் பொருள், பயணம், நிறுவனத்துக்கான மேல்செலவு என்று தலைப்புத் தலைப்பாகப் பணம் வரும். மூன்று வருடம் முடிந்ததும் கணக்கு முடித்து, பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று அனுப்பி, மிச்சப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். கருவி மட்டும் கல்லூரியில் தங்கும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு வரியாக. அன்று முதல் அதற்கு அப்பா அம்மா கிடையாது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, ஏஎம்சி என்போமே, அதற்குக் கருவி விலையில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து ரூபாய் வரை ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். ஒரு கோடி ரூபாய்க் கருவி என்றால் வருடம் ஐந்து முதல் பத்து லட்சம். எந்தத் திட்டமும் தான் முடிந்த பிறகு இதைக் கொடுப்பதில்லை. கல்லூரி பட்ஜெட்டிலும் இதற்கு ஒதுக்கீடு இல்லை என்றால் அந்தக் கருவி மூன்று வருடத்துக்காக வாங்கியது என்றுதான் அர்த்தம்.

இதற்கு மேல் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. பல்கலைக்கழகங்கள் வாங்கும் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி சலுகையை 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இப்போது 18 சதவீதம். பழைய கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர், ஒருவர் போனில் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். விண்ணப்பம் போடும்போது ஒரு விலை, பணம் வந்து வாங்கும்போது இன்னொரு விலை, இடையில் துண்டு விழுந்த பணத்தைச் செலவாகும் பொருளின் தலைப்பிலிருந்து எடுக்க வேண்டி வருகிறது. ஆக, ஓட்டுவதற்கு வந்த கொஞ்சப் பணமும் வாங்குவதிலேயே போய்விடுகிறது.

நாடு முழுக்க ஆராய்ச்சிக்குச் செலவிடுவதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். அதிலும் மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு வருவது பந்திக்கு முந்தாதவன் இலையில் விழுவது மாதிரி. 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தபோது ஐந்து வருடத்துக்கு ரூ.50,000 கோடி என்று பேசப்பட்டது. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டியது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். ஆனாலும் அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வலுவான ஒரு நிறுவனம் நடுவில் இருந்து, சுற்றியுள்ள வளரும் பல்கலைக்கழகங்களைக் கைபிடித்து அழைத்துப் போகும் திட்டம். நம் கல்லூரிகள் அதற்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு கருவியை மட்டும் கேட்காமல், இருக்கும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் பயிற்சியையும் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, கருவி பூட்டிக் கிடந்தால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

அந்த 11 மாதத்தில் எங்களிடம் ஒரு ஸ்காலர் இருந்தாள். காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு 28 நாள், 56 நாள், 90 நாள் என்று குறிப்பிட்ட நாட்களில் மாதிரியைப் படம் எடுத்தாக வேண்டும். சிமென்ட் காத்திருக்காது, அது பாட்டுக்கு உள்ளே இறுகிக்கொண்டே இருக்கும். இங்கே அறை பூட்டியிருந்ததால், மாதிரிகளைக் காற்றுப் புகாமல் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போவாள். அங்கே ஐஐடியில் வெளியாருக்கும் கட்டணம் வாங்கிச் செய்து கொடுக்கும் கருவி மையம் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலிருந்து நாட்டில் பல இடங்களில் இப்படி மையங்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் வரிசை. 56ஆம் நாள் மாதிரிக்கு 70ஆம் நாள்தான் முறை வந்தது. அதனால் 56ஆம் நாளுக்கான எண்களை அவள் ஆய்வேட்டில் போட முடியவில்லை. கட்டணமும் பஸ் செலவும் அவள் கைக்காசு. உதவித்தொகையோ ஏழு மாதம் பாக்கி.

அவள் ஒருநாள் கருவி மையத்துக்கு வந்து, பூட்டியிருந்த கதவின் கண்ணாடி வழியாக அந்த நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம் இந்த ஊருக்கே தெரிந்தது. 2004இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் கிராமத்துக்காரர்கள் தாங்களே காற்று மாதிரி எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை உள்ளே இழுக்க ஒரு சின்னப் பம்பு. நாற்றம் அடிக்கும் நேரம் பார்த்து, நடுராத்திரியானாலும் எழுந்து போய் எடுத்தார்கள். எடுத்த பைகள் எங்கே போயின தெரியுமா? விமானம் ஏறி அமெரிக்காவில் கலிஃபோர்னியாவுக்கு, அங்கே ஒரு ஆய்வகத்துக்கு. முடிவுகள் வந்த பிறகுதான், மூக்குக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயத்துக்குப் பெயரும் அளவும் கிடைத்தது. சிப்காட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் எத்தனை பொறியியல் கல்லூரி, எத்தனை ஆய்வகம்! அந்தக் கிராமங்களான குடிகாட்டிலிருந்தோ ஈச்சங்காட்டிலிருந்தோ ஒரு ஆள் அந்தப் பையை நம் கல்லூரி வாசலுக்குக் கொண்டு வந்து, “இதில் என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்கும் நிலைமை அன்றைக்கு இல்லை. அந்த வாளியைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த மண்ணில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. வேறு எந்த ஊருக்கும் இத்தனை கேள்வி வாய்த்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நெய்வேலிச் சாம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஊர்களில் கருப்பு நிலக்கரி எரித்து வரும் சாம்பல் மாதிரி இல்லை அது. சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் பட்டாலே கொஞ்சம் தானாக இறுகும். அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் கலவை விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்தத் தொகுதிச் சாம்பலில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அதைப் பார்க்க எக்ஸ்ரே கருவியும் நுண்ணோக்கியும் வேண்டும். இந்த மாவட்டத்தில் சாம்பல் செங்கல் போடுகிறவர்கள் பலர் அனுபவத்தில்தான் கலக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முடிவைக் கையில் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பண்ருட்டிக்குப் போங்கள். முந்திரிக் கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். உடைக்கும் பெண்கள் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருகிறார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துப் புண்ணாகிறது. அதே எண்ணெய்தான் வண்டிகளின் பிரேக் லைனிங்கில் போகிறது, பெயின்ட்டில் போகிறது. பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் உடைக்கிற, ஒரு பெண் தனியாக இயக்கக்கூடிய, சின்ன முதலாளி வாங்கக்கூடிய ஒரு இயந்திரம் மெக்கானிக்கல் துறைக்கு எவ்வளவு நல்ல ஆராய்ச்சி. உடைக்கும் விசை ரகத்துக்கு ரகம், ஈரத்துக்கு ஈரம் மாறும். அதை அளக்க சிவில் லேபில் இருக்கும், பொருளை அழுத்தி விசையை அளக்கும் சின்ன லோடிங் பிரேமே போதும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் குழு அதைச் செய்து பார்த்தது. நானும் கூட இருந்து 200 கொட்டை உடைத்திருக்கிறேன். அவர்கள் படிப்பு முடிந்து போனதும் அந்த நோட்டும் போய்விட்டது.

கடற்கரை இன்னும் பெரிய கேள்வி. 1980களின் கடைசியில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கரையை நீட்டினார்கள். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். கல் கரை அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகுதான் காந்தி சிலை பக்கம் மறுபடியும் மணல் சேர்ந்தது. பிள்ளைகள் அங்கே மணலில் விளையாடுவதை நேரில் பார்த்தபோது, அளந்து பார்த்துச் செய்தால் கடலிடமும் பேச முடியும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அரிப்பு வடக்கே நகர்ந்துகொண்டே போகிறது. சோலை நகர், கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி. 1980களின் நடுவில் தொடங்கி 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரி அதே பிள்ளைச்சாவடியில்தான் நிற்கிறது. வகுப்பறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கரை.

கரையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, ஒரே கோட்டில், மணல் மட்டத்தை அளக்க வேண்டும். எல்லா சிவில் துறையிலும் இருக்கும், நில அளவைக்கான டோட்டல் ஸ்டேஷன் கருவியும் நாலு மாணவர்களும் போதும். ஒரே நிபந்தனை, பத்து வருடம் நிறுத்தாமல் அளக்க வேண்டும். மூன்று வருடத் திட்டம் எதுவும் இதற்குப் பணம் கொடுக்காது. கல்லூரிதான் தன் சொந்தப் பணத்தில், வருடம் ஒரு சின்னத் தொகையாக, கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டும் செலவு என்று நான் சொல்வதில் இதுவும் சேரும்.

வெள்ளத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு ஆட்களையும் அடித்துக்கொண்டு போனதை யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மழை ஓய்ந்து மூச்சு விடும் நேரத்தில், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூரையும் பாகூரையும் மூழ்கடித்தது. எலக்ட்ரானிக்ஸ் துறைப் பிள்ளைகள் வருடாவருடம் ஓடையில் நீர்மட்டம் அளந்து போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் சென்சார் செய்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். மே மாதம் செய்து காட்டி மதிப்பெண் வாங்கியதும் அது அலமாரிக்குள் போகிறது. நமக்கு மழை அக்டோபரில்தான் வருகிறது. அந்தச் சென்சாரை ஒரு ஓடைப் பாலத்தில் கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க பேட்டரி மாற்றி, சேறு துடைத்து, கணக்கு எழுத ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் அது ஆராய்ச்சி.

இப்போது பணம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோதிக்குப்பம் என்று கரை நெடுக வீடு கட்டினார்கள். தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்ததாரர்கள், எல்லோரும் க்யூப் கொண்டு வந்தார்கள். 150 மில்லிமீட்டர் கனசதுரம், ஒரு தொகுதிக்கு மூன்று, ஏழாம் நாள் ஒரு தொகுதி, 28ஆம் நாள் ஒரு தொகுதி. காலை எட்டரைக்கே வாசலில் டாடா ஏஸ் நிற்கும். நாங்கள் மூன்று பேர் மாறி மாறி உடைத்தோம். சில தொகுதிகள் தேறவில்லை. தேறவில்லை என்று எழுதிக் கொடுத்த கையெழுத்து என்னுடையது. ஒரு ஒப்பந்ததாரர் சண்டை போட்டார். அந்த வீடுகளில் ஆட்கள் தூங்கப் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. 33 வருடத்தில் நான் செய்த வேலையிலேயே அதுதான் பெரிய வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வேலையில் கல்லூரிக்கு நல்ல வருமானம் வந்தது. கட்டணம் முழுக்கப் பொதுக் கணக்கில் கட்டினோம். சில வருடம் கழித்து அதே அழுத்தச் சோதனை இயந்திரத்துக்கு அது சரியாக அளக்கிறது என்று காட்டும் அளவுத்திருத்தச் சான்று புதுப்பிக்கக் கொஞ்சம் ஆயிரங்கள் கேட்டபோது நிதி இல்லை என்று வந்தது. சான்றின் தேதி முடிந்த இயந்திரத்தில் உடைத்த முடிவை எந்தப் பொறியாளர் ஏற்பார்? க்யூப்கள் தனியார் ஆய்வகங்களுக்குப் போய்விட்டன. போன வாடிக்கை திரும்பவில்லை. ஆயிரக்கணக்கில் செலவு செய்யாததால் லட்சக்கணக்கில் வருமானம் போனது. அதைவிட, எங்கள் மாணவர்கள் ஊரில் நடக்கும் உண்மையான கட்டுமானத்தின் கான்கிரீட்டைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போனது.

ஆகவே நான் கேட்பது. ஒவ்வொரு ஆய்வகமும் வெளியாருக்குச் செய்யும் சோதனையில் வரும் பணத்தில் பாதியை அந்த ஆய்வகத்தின் பராமரிப்புக் கணக்கிலேயே வையுங்கள். வருடம் முடிந்தால் காலாவதி ஆகாத கணக்காக அது இருக்க வேண்டும். ஆராய்ச்சித் திட்டங்களில் நிறுவனத்துக்கென்று வரும் மேல்செலவுத் தொகையிலும் ஒரு பங்கு அதில் சேரட்டும். அந்தத் தொகை வருவதே கரண்டுக்கும் தண்ணீருக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வதற்கும்தானே. புதிதாக ஒரு கருவி கேட்டு எந்தப் பேராசிரியர் வந்தாலும், ஐந்து வருடம் இதை ஓட்டப் பணம் எங்கிருந்து வரும், யார் ஓட்டுவார் என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். கடுமையாகத் தெரியலாம். ஆனால் துணி போர்த்திய கருவிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆள் விஷயம். என் காலத்தில் கருவி மையத்தில் நான்கு நுட்பர் இடம். ஒருவர் ஓய்வு பெறும்போதெல்லாம் அந்த இடம் காலியாகவே விடப்பட்டது. நான் கடைசி. எனக்குப் பிறகு ஒப்பந்தத்தில் ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன், இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டான். மாதம் பத்தாயிரத்துக்கும் குறைவான சம்பளத்தில் எத்தனை நாள் இருப்பான்? எட்டாவது மாதம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான், நான்தான் போகச் சொன்னேன். கோடி ரூபாய்க் கருவியைப் பார்த்துக்கொள்ளும் கைக்கு மரியாதையான சம்பளம் கொடுங்கள். அது ஆராய்ச்சிச் செலவுதான்.

ஸ்காலர்களின் உதவித்தொகை பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையை, ஜேஆர்எஃப் என்பார்களே, அதை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 ஆக்கியது. நல்லது. ஆனால் திட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பயன்பாட்டுச் சான்று போய், அங்கே சரிபார்த்து, அடுத்த தவணை வரும்வரை மாதக்கணக்கில் ஒன்றும் கிடைப்பதில்லை. பேராசிரியர்களுக்குச் சம்பளம் முதல் தேதி வருகிறது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை வீட்டு வாடகைக்குக் கைடிடம் கடன் கேட்கும் நிலையை நான் பார்த்திருக்கிறேன். கேட்கும் பிள்ளைக்கும் கூச்சம், கொடுக்கும் கைடுக்கும் கூச்சம். பல்கலைக்கழகம் ஒரு சுழல்நிதி வைத்து மாதாமாதம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, தவணை வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். இதில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

அப்புறம் கதவு. மத்திய அரசு 2020இல் ஐ-ஸ்டெம் என்று ஒரு இணையத்தளம் தொடங்கியது. எந்தக் கல்லூரியில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து, நேரம் பதிவு செய்து, கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். நம் கல்லூரிகளின் கருவிகள் எல்லாம், ஓடும் நிலையில், அதில் இருக்க வேண்டும். ஆனால் சாம்பல் செங்கல் போடும் ஆளும் முந்திரி ஆலைக்காரரும் அதில் போய்த் தேட மாட்டார்கள். அவர்களுக்குக் கல்லூரி வாசலில் ஒரு பலகை வையுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். தண்ணீர் பார்க்க இவ்வளவு, மண் பார்க்க இவ்வளவு, க்யூப் உடைக்க இவ்வளவு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரவும் என்று. உள்ளே ஒரு நோட்டும் வையுங்கள். சோதனைக்கு வருகிறவர் தன் கேள்வியை அதில் எழுதட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏன் இப்போது உப்புக் கரிக்கிறது, சுனாமிக்குப் பிறகு வாங்கிய ஃபைபர் படகின் அடிப்பக்கம் ஏன் உரிந்து வருகிறது, நெய்வேலியில் சுரங்கத்துக்காக ராப்பகலாக நிலத்தடி நீரை இறைப்பதற்கும் எங்கள் போர் ஆழம் போவதற்கும் சம்பந்தம் உண்டா என்று. ஜூன் மாதம் புதிதாகச் சேரும் ஸ்காலர் தலைப்புத் தேடும்போது முதலில் அந்த நோட்டைப் புரட்டட்டும். வெளிநாட்டுக் கட்டுரையில் ஒரு சதவீதத்தை மாற்றிப் போட்டு இன்னொரு கட்டுரை எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தக் காட்டுமன்னார்கோவில் பெண் ஆய்வை முடித்துவிட்டாள். ஒன்றரை வருடம் தாமதமாக. இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போன மாதம் போன் பண்ணினாள். அவளிடம் ஒரு மாணவன் சாம்பல் வேலையைத் தொடரக் கேட்கிறானாம். “அண்ணா, நம்ம மிஷின் இப்ப ஓடுதா?” என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். அறை பூட்டித்தான் இருக்கிறதாம், சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

எனக்கு வயது 60 தாண்டிவிட்டது, ஆனால் கை நடுங்கவில்லை. இழை மாற்றுவது, மையப்படுத்துவது, பம்பு எண்ணெய் பார்ப்பது, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வெற்றிடம் ஏற்றி வைப்பது, இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற மாதிரி எழுதியிருக்காது. உங்கள் கல்லூரிகளில் எதிலாவது அப்படிப் பூட்டிய அறை இருந்தால், ஒரு இளைஞரை நிரந்தரமாகப் போட்டு, அந்த அறையைத் திறந்து வையுங்கள். செவ்வாயும் வெள்ளியும் நான் வந்து அவருக்குச் சொல்லித் தருகிறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம். பஸ் கடலூர் முதுநகரிலிருந்து காலை ஏழு மணிக்கே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.